தீத்தண்ணி

வாசலோரப் பானைக்குள் சொம்பை விட்ட கையைக் குள்ளம்மாள் எட்டிப் பிடித்துவிட்டாள்.

“அதுல மோக்காதீங்க. அது தீத்தண்ணி.”

பிடிபட்டவள் விடியற்காலையில் வெளியூரிலிருந்து வந்து இறங்கிய உறவுக்காரி. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் போதவில்லை என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுக்க, கண்ணுக்கு முன்னால் நிறைந்து நின்ற பானையை அவள் பார்த்திருக்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

“அவரு வூட்டுத் தண்ணிதானே? அவரையே குளிப்பாட்டக் கூடாதா?”

“அவரையேதான் குளிப்பாட்டக் கூடாது. சொன்னதே அவருதான்.”

குள்ளம்மாள் சொம்பை வாங்கிக்கொண்டு, குடத்தை இடுப்பில் இடுக்கிக் கிணற்றுக்கு நடந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். மாமனார் செத்துக் கிடக்கிறார், மருமகளுக்குப் பானைக் கவலையைப் பார் என்று. அவள் காதில் விழுந்தது. அவள் காது எப்போதும் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. ஆனால் இன்றைக்கு நாக்கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

கல்லாத்துப்பட்டியில் தை பிறந்தால் வைகாசி முடியும்வரை ஒவ்வொரு கூரை வீட்டு வாசலிலும் செம்மண் பட்டை போட்ட பானை ஒன்று நிறைந்து நிற்க வேண்டும். குடிக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, கன்றுக்குட்டிக்குக்கூடக் காட்டக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும் எடுக்க வேண்டும். பக்கத்தில் நீள மூங்கிலில் இரும்புக் கொக்கி கட்டிய துறட்டி ஒன்று, எரிகிற கூரையை இழுத்துப் போட. பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் தீர்த்தகிரி போட்ட உத்தரவு இது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இதை வைத்துத் துறட்டிக்காரன் பட்டி என்று கேலி செய்வார்கள். அந்தத் தீர்த்தகிரிதான் குள்ளம்மாளின் மாமனார். இன்று விடியும்போது போய்விட்டார்.

நான்கு நாள் காய்ச்சல். மூன்றாம் நாளே பேச்சு குறைந்துவிட்டது. இன்று கோழி கூப்பிட்டபோது கண்ணைத் திறந்து, “காத்து எந்தப் பக்கம்?” என்றார். குள்ளம்மாள் வெளியே போய், வீட்டை ஒட்டிய சந்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் தினமும் காலையில் அப்படித்தான் பார்ப்பார்.

“மேகாத்து மாமா.”

“பானை?”

“ரொப்பியாச்சு.”

தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் சாகும்போது சாமி பெயரைச் சொல்வார்கள், பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். இவர் காற்றை விசாரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கிணற்றுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது. இரண்டு குடம் இறைக்கும்வரை அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

வெயில் ஏறிய பிறகு அரூரிலிருந்து கரியன் வந்தார். தீர்த்தகிரியின் தம்பி, அங்கே கடலைக்காய் மண்டி வைத்திருப்பவர். உலகச் சண்டை நடந்த அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அடுப்பு பஸ் கூரைத் தெருவுக்குள் வரக் கூடாது, ஊருக்கு வெளியே புளியமரத்தடியிலேயே நிற்க வேண்டும் என்பதும் போர்டு உத்தரவு. அதனால் கரியன் வெயிலில் நடந்து வர வேண்டியதாயிற்று. அண்ணனின் உத்தரவைத் திட்டிக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தவர், அண்ணன் கிடப்பதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதார். அவருக்குப் பின்னால் எட்டு மேளக்காரர்களும், ஒரு கூடை வெடியும் வாணமும் வந்திருந்தன.

“எங்கண்ணன் பிரசிடெண்டு. மலைமேல இருக்கற ஊருக்கெல்லாம் கேக்கணும், ஆமா,” என்றார்.

பந்தலைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார். பிறகு நெருப்புச்சட்டி எங்கே என்று கேட்டார்.

தீர்த்தகிரியின் ஒரே மகன், குள்ளம்மாளின் புருஷன் பச்சியப்பன், ஈரத் துணியோடு நின்றான். அவன் மண் மிதித்தால் மண்ணுக்கு வலிக்குமோ என்று நடக்கிறவன். தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்தானோ, தெரிந்தே கேட்கிறார் என்று பயந்தானோ, தரையைப் பார்த்தான்.

கரியன் தெரிந்துதான் கேட்டார். அந்தப் பக்கத்தில் புதைக்கிறதுதான் வழக்கம். ஆனாலும் வீட்டு வாசலில் மூட்டிய நெருப்பு, சட்டியில் பிணத்துக்கு முன்னால் குழிவரைக்கும் போக வேண்டும். மகன்தான் தூக்க வேண்டும். கல்லாத்துப்பட்டியில் மட்டும் ஏழு வருஷமாக அது கிடையாது. கோடை மாதங்களில் சட்டி எரியாமல்தான் தெருவைத் தாண்ட வேண்டும். ஊருக்குக் கிழக்கே, கடைசி வீட்டுக்கும் அப்பால் போர்டு ஒரு கல் நட்டு வெள்ளையடித்து வைத்திருந்தது. அந்தக் கல்லுக்குப் போய்த்தான் தீப்பெட்டி கிழித்துப் பற்ற வைக்கலாம். வெடி, வாணம், பந்தம் எதுவானாலும் அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம்.

இந்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே சித்திரையில் தீர்த்தகிரியின் தகப்பனார் இறந்தார். தீர்த்தகிரி நெருப்புச்சட்டி தூக்கிக்கொண்டு முன்னால் போனார். மேற்கேயிருந்து மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஊர் ஜனம் முழுக்க இடுகாட்டில் இருக்கும்போது பின்னால் புகை எழுந்தது. ஓடி வருவதற்குள் அறுபத்திரண்டு கூரை போய்விட்டது. வீடுகளில் இருந்தவர்கள் நடக்க முடியாதவர்களும் தொட்டில் குழந்தைகளும்தான். நான்கு உயிர்.

அன்றைக்கு ஊரில் அடுப்பு எரிந்த வீடு ஒன்றே ஒன்று. விதவை செல்லி, ஆமணக்குக் கொட்டைமுத்து வறுத்து எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பழி அவள் தலையில் விழுந்தது. பத்தாம் நாள் ஊர் கூடி, அவளை ஊரைவிட்டுத் துரத்துவதென்று முடிவாகி, அவளும் மூட்டையைக் கட்டிக்கொண்டாள். அப்போது தீர்த்தகிரி எழுந்தார். “செல்லி அடுப்பு இல்ல. என் சட்டியிலிருந்து ஒரு பொறி தெறிச்சு மூணாவது வூட்டுக் கூரை எறவாணத்துல ஒக்காந்தத நான் பாத்தேன். அணைஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டு நடந்துட்டேன். என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க,” என்றார்.

பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகச் சிலர் காறித் துப்பினார்கள். ஒருவன் அடிக்கவே வந்தான். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் போர்டு அமைந்தபோது பிரசிடெண்ட் நாற்காலி திட்டு வாங்குகிற நாற்காலி என்று யாரும் முன்வரவில்லை. ஏற்கெனவே வாங்கிப் பழகியவர் என்பதால் இவரை உட்கார வைத்தார்கள் போல. உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. எந்த மாதம் எந்தக் காற்று, எந்தக் கூரை எந்தக் கூரையைத் தொடுகிறது, கிணறு எத்தனை அடி தூரம் என்று வீடு வீடாக நடந்து குறித்தார். வைக்கோல்போரெல்லாம் தெற்கே ஏரிக்கரைக்குப் போயிற்று. புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுத் தீக்கு மட்டும் அடிக்கச் சொன்னார். சாவுக்கு ஊரே போனாலும் பத்து ஆம்பளைகள் துறட்டியோடு ஊரில் இருக்க வேண்டும் என்றார். எட்டு வீட்டுக்கு ஒரு சந்து, பன்னிரண்டு அடி அகலம், நடுவில் கோழிக்கூண்டுகூட இருக்கக் கூடாது என்று சுண்ணாம்புக் கோடு போட்டார். மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டதற்கு, வரைபடம் மூன்று பிரதி அனுப்பவும் என்று பதில் வந்தது. அவர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

முதல் சந்து அவர் வீட்டின் மேல்தான் விழுந்தது. சரியாகச் சொன்னால் குள்ளம்மாளின் சமையல்கட்டின் மேல்.

அவள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரை எரித்தவன் வீட்டுக்கா பெண் கொடுக்கிறாய் என்று அவள் அப்பாவைக் கேட்காத ஆள் இல்லை. வந்த இரண்டாம் மாதமே அடுப்பங்கரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, “கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு,” என்றார் மாமனார். கொஞ்சம் என்பது இரண்டு மழைக்காலமாக நீண்டது. புங்கமரத்தடியில் தட்டி கட்டி, ஈர விறகை ஊதி ஊதி, அவள் மாமனாருக்குக் கேட்கிற மாதிரியே பேசுவாள். “ஊருக்குச் சந்து வுட்டாங்களாம், எனக்குச் சந்தியில அடுப்பு வெச்சாங்களாம்.” அவர் களியைத் தின்றுவிட்டு எழுந்து போவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேற்கு வரிசையில் ஒரு வீடு பற்றிக்கொண்டது. தண்டவாளம் அடித்தது. பானைகளும் துறட்டிகளும் ஓடின. மூன்று வீடு போயிற்று, மூன்றாவது தீர்த்தகிரியின் கூரை. நெருப்பு சந்து ஓரம்வரை வந்து, குள்ளம்மாளின் அடுப்பு முன்பு இருந்த வெற்று மண்ணுக்கு இந்தப் பக்கமே நின்று எரிந்து தணிந்தது. அந்தப் பக்கம் மாரப்பன் வீடு. அதற்குப் பின்னால் ஐம்பது கூரை. குள்ளம்மாள் அன்றைக்கு அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அதற்கப்புறம் மாமனாரை அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. யாராவது பேசினால் விட்டதும் இல்லை.

“என்ன பச்சியப்பா, சட்டியக் காணோம்?” என்று கரியன் மறுபடியும் கேட்டார்.

“கல்லாண்ட போய்தானே சித்தப்பா…”

“அது ஊருக்குடா. அந்தச் சட்டத்தப் போட்ட மனுசனுக்கே அதுவா? வாசல்லருந்து நெருப்பு போகலன்னா எங்கண்ணன் அநாதையா?” அவர் குரல் உடைந்தது. “எங்கப்பனுக்கு எங்கண்ணன் தூக்குனாரு. எங்கண்ணனுக்கு நீ தூக்கு. போ, யாராவது நெருப்பு வாங்கியா.”

யாரோ போனார்கள். குள்ளம்மாள் உள்ளே மாமனாரின் தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பின்கட்டு வழியாக செல்லி வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“குள்ளம்மா, என் அடுப்புலருந்து தணல் அள்ளிக்கிட்டுப் போறாங்க. சட்டிக்காம். நான் வேண்டாம்னேன், கேக்கல. மறுபடியும் என் அடுப்பா? நீயாவது சொல்லேன்.”

குள்ளம்மாள் வெளியே வந்தபோது வாசல் நடுவில் சட்டி எரிந்துகொண்டிருந்தது. வறட்டியும் கற்பூரமும் பிடித்து தீ நாக்கு ஒரு முழம் எழுந்து கிழக்கே சாய்ந்தது. மேளக்காரர்கள் அதில் மேளத்தோலைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். கரியன் உறிக்கயிற்றைப் பச்சியப்பன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊர் ஆட்கள் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் போய்ப் போய்த் திரும்பியது.

சந்துக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு வாசலில், மாரப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவன் இந்த வாசலை மிதித்து ஐந்து வருஷம். ஒரு பங்குனி மாதம் அவன் அம்மா இறந்தபோது, அவன் எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். தீர்த்தகிரி தெரு நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார். “மாரப்பா, இத மட்டும் பண்ணாத. கல்லாண்ட பத்த வெச்சுக்க, நானே கூட வரேன்,” என்று போர்டுத் தீப்பெட்டியை நீட்டினார். மாரப்பன் சட்டியை அங்கேயே இறக்கி வைத்தான். தீப்பெட்டியைப் பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டான். ஆனால் கிழிக்கவில்லை. பெட்டி நெருப்பு என் அம்மாவுக்கு ஆகாது என்று, நெருப்பே இல்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். அன்றோடு பேச்சு நின்றது. சந்து அவன் வீட்டைக் காப்பாற்றிய பிறகும் நின்றதுதான். வீடும் தப்பியது, வீம்பும் தப்பியது என்று ஊரில் சொல்வார்கள்.

இப்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டி எரிந்தபடி இந்த வாசலைத் தாண்டினால் அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. சட்டம் என் அம்மாவுக்கு மட்டும்தானா என்று அவன் கேட்கவே வேண்டாம், ஊரே கேட்கும். நாளைக்கு இன்னொருவன் வைக்கோல்போரை வாசலுக்குக் கொண்டுவருவான். அடுத்த சித்திரைக்குள் சந்தில் கோழிக்கூண்டு முளைக்கும். எட்டு வருஷம் திட்டு வாங்கி மனுஷன் கட்டி வைத்தது, அவர் பிணம் தெரு தாண்டுவதற்குள் முடிந்து போகும்.

“சின்ன மாமா, இத அணைச்சுடலாம்,” என்றாள்.

கரியன் திரும்பிப் பார்த்தார். “பொம்பளைங்க உள்ள போங்க.”

“போறேன். அணைச்சுட்டுப் போறேன்.”

“சாவு நெருப்ப அணைக்கறதா? என்ன பேச்சு பேசற? எங்கண்ணன் சட்டம் ஊருக்கு வெச்சாரு. அவருக்கு வெச்சுக்கல.”

“அவரு அவருக்குத்தான் சின்ன மாமா மொதல்ல வெச்சாரு. அப்பறந்தான் ஊருக்கு.” அவள் குரல் ஏறவில்லை. “எட்டு வருசமா அந்தச் சட்டியத்தான் தூக்கிக்கிட்டு நடந்தாரு. இன்னைக்குத்தான் எறக்கி வெச்சிருக்காரு. மறுபடியும் அதையே கொளுத்தி முன்னால கொண்டு போறீங்களே.”

கரியனுக்குக் கோபம் வந்தது. “டேய் பச்சியப்பா, நீ ஆம்பளையா, தூக்குடா!”

பச்சியப்பன் உறிக்கயிற்றைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தான். எப்போதும் அப்படித்தான், கடைசியில் அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் சொன்னால் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இதை அவள் சொல்லி அவன் செய்தால், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அப்பன் நெருப்பை அணைத்தவன் என்று காலத்துக்கும் பெயர் நிற்கும். சட்டமும் நிற்காது.

“நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள். “உங்கப்பன் தெனமும் பாக்கறத ஒரு தரம் பாத்துட்டு எடுங்க.”

பச்சியப்பன் கயிற்றை விட்டான். குனிந்து, காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான். கையைத் தலைக்கு மேல் உயர்த்தி மெல்ல உதிர்த்தான். மண் நேராகக் கீழே விழவில்லை. மேல்காற்று அதை வாரிக்கொண்டு சந்தைத் தாண்டி, மாரப்பனின் தலைக்கு மேலே, அவன் கூரை மேல் கொண்டுபோய் இறைத்தது. கூட்டம் முழுக்க அந்தப் புழுதி போவதைப் பார்த்தது.

பச்சியப்பன் வாசலோரத்துக்குப் போனான். செம்மண் பட்டை போட்ட பானையை இரண்டு கையாலும் தூக்கி வந்தான். முழுப் பானை, கழுத்து நரம்பு புடைத்தது. சட்டிக்கு மேல் கவிழ்த்தான்.

“டேய்!” என்றார் கரியன்.

சட்டி சீறிப் புகைந்து அடங்கியது. ஈர வறட்டி நாற்றம் தெருவெங்கும் பரவியது. மேளக்காரன் ஒருவன் தூக்கிய குச்சியை அப்படியே பிடித்திருந்தான். பச்சியப்பன் வெறும் பானையை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். குள்ளம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. ஏழு வருஷம் குடித்தனம் நடத்தி, இந்த மனுஷனிடம் இதை அவள் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து பெரியம்மாளின் குரல் வந்தது. தீர்த்தகிரியின் மனைவி. காலையிலிருந்து புருஷனின் கால்மாட்டைவிட்டு நகராதவள், ஒரு வார்த்தை பேசாதவள்.

“பானை காலியா நிக்குது பாரு. ரொப்பி வையிங்க.”

இரண்டு பெண்கள் பானையை வாங்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்கள். ஒருத்தி காலையில் அதில் சொம்பை விட்ட அதே உறவுக்காரி. கரியன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பந்தக்காலில் சாய்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, வெடிக் கூடையைக் காலால் தள்ளிக் காட்டி, “இதையும் கல்லாண்டையே வெச்சுக்கலாம்,” என்றார்.

குள்ளம்மாள் புது சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு தன் அடுப்பங்கரைக்குப் போனாள். நேற்றிரவு மாமனாருக்குக் கஞ்சி வைத்த அடுப்பு. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. அடிவரை கிளறி மறுபடியும் பார்த்தாள். அந்தச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளிச் சட்டியில் போட்டு, மேலே நான்கு வறட்டியும் கற்பூரமும் வைத்தாள். வீட்டு நெருப்புதான் போகவில்லை, வீட்டு அடுப்பாவது போகட்டும் என்று நினைத்தாள். வெளியே வந்தபோது சந்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். மாரப்பன் வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. இதைப் பார்த்தும் அவன் மனம் இறங்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

பாடை தெருவில் இறங்கியது. பச்சியப்பன் எரியாத சட்டியோடு முன்னால் நடந்தான். ஒவ்வொரு சந்து முனையிலும் ஒரு ஆள் துறட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊரில் தங்க வேண்டிய அந்தப் பத்துப் பேர். யார் தங்குவது என்று காலையில் அவர்களுக்குள் சண்டையே வந்திருந்தது, எல்லோருக்கும் குழிவரை போக ஆசை. பாடை தாண்டும்போது அவர்கள் துறட்டியைக் கீழே வைத்துக் கும்பிடவில்லை. பிடித்தபடியே நின்றார்கள். அதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள். தண்டவாளத்தை அடித்து மரியாதை செய்யலாம் என்று யாரோ சொன்னதற்கு, வேண்டாம், ஏரிக்கரை ஆட்கள் எங்கே தீ என்று ஓடி வந்துவிடுவார்கள் என்று இன்னொருவன் தடுத்தான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிலர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். குள்ளம்மாளும்தான். எட்டு வீட்டுக்கு ஒரு சந்தாக ஏழு சந்து. ஒவ்வொன்றையும் கடக்கும்போது மேல்காற்று அதன் வழியாகச் சுத்தமாக ஊடுருவிப் போவது அவள் முகத்தில் தெரிந்தது. இந்த ஊரை இப்படி வைத்துவிட்டுப் போகிறவர் என் மாமனார் என்று உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வெள்ளைக் கல்லுக்கு வந்ததும் பாடையை இறக்கினார்கள். தலைமாடு கால்மாடு மாற்றுகிற இடமும் அதுதான், பெண்கள் திரும்புகிற இடமும் அதுதான். பச்சியப்பன் சட்டியைக் கல்லின்மேல் வைத்தான்.

“தீப்பெட்டி?” என்றார் கரியன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டுத் தீப்பெட்டி தீர்ந்து மூன்று வாரம். சண்டை வந்ததிலிருந்து கடையில் தீப்பெட்டி கண்ணில் படுவதே அபூர்வம். தெருவுக்கு வராமல் பின்கட்டு வழியாக அடுப்புக்கு அடுப்பு தணல் வாங்கித்தான் ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லா எரிஞ்சதத் தண்ணி ஊத்தி அணைச்சீங்களே,” என்றார் கரியன். இப்போது அவருக்குக் கோபம்கூட இல்லை. “எங்கண்ணன் நெருப்பில்லாமப் போறாரே.”

குள்ளம்மாளுக்கு இது முன்பே தெரியும். தெரிந்துதான் சாம்பலை அள்ளினாள்.

“போறாருன்னா போறாரு சின்ன மாமா,” என்றாள். “மாரப்பண்ணன் அம்மா போனாங்கல்ல. அவங்க மட்டும் எளப்பமா?”

பாடை தூக்குகிறவர்கள் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து கூட்டம் விலகியது. வேறு ஏதோ வேலையாகப் போகிறவன் மாதிரி தெருவின் அந்த ஓரமாகவே வந்துகொண்டிருந்த மாரப்பன், நடுவில் வந்து நின்றான். மடியை அவிழ்த்து, வாழைச்சருகில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான். கூரை மூங்கிலில் வெகுகாலம் சொருகி வைத்திருந்ததில் சருகு புகையேறிக் கறுத்திருந்தது. உள்ளே தீப்பெட்டி.

“ஏதுடா இது?” என்றார் கரியன்.

“போர்டு குடுத்தது.”

“எப்ப?”

“எங்கம்மாவுக்கு.”

மாரப்பன் மேற்கே முதுகைக் காட்டிக் குந்தினான். முதல் குச்சியின் மருந்து உதிர்ந்துபோயிற்று. இரண்டாவது பற்றியதும் காற்று ஊதிவிட்டது. கரியன் துண்டை விரித்து மறைப்பாகப் பிடித்தார். பச்சியப்பன் சட்டியை இறக்கி அவன் முழங்காலோடு ஒட்டி வைத்தான். மூன்றாவது குச்சி எரிந்தது. மாரப்பன் இரண்டு கையையும் குவித்து அதை மூடிக்கொண்டு, விரல் சுடச் சுடக் கற்பூரத்துக்குக் கொண்டுபோனான்.

சட்டி பிடித்துக்கொண்டது. பாடையைத் தூக்கினார்கள். மேளம் அதிர, கல்லுக்கு அந்தப் பக்கம் முதல் வாணம் சீறிக் கிளம்பியது. புகை கிழக்கே, வீடே இல்லாத பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் ஊரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

குள்ளம்மாள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பாடை கொஞ்ச தூரம் போய்விட்டது. மாரப்பன் மட்டும் கல்லருகில் இன்னும் குந்தியிருந்தான். எரிந்த குச்சியை மண்ணில் அழுத்தித் தேய்த்தான். எடுத்து, முனையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மறுபடியும் மண்ணில் தேய்த்தான். பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டு மடியில் சொருகிக்கொண்டு, பாடையைப் பிடிக்க ஓடினான்.